வாசிக்கப்படாத மூன்றாம் ஓலை

மகன், இதை நின்றபடி வாசிக்காதே. வேலை முடிந்து அறைக்கு வந்து, முகம் கழுவி, ஆறுதலாக இருந்து வாசி. போன ஞாயிறு மாதா கோயிலில் உன் கலியாண அறிவித்தலின் மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. பங்குச் சுவாமிக்குச் சுகமில்லை என்று உன் அம்மா போனில் சொன்னது பொய். எனக்காகச் சொன்ன பொய். ஓலையை நிறுத்தியது நான்தான். சனிக்கிழமை பின்னேரம் சுவாமியின் அறைக்குப் போய், இந்தக் கலியாணத்துக்கு ஒரு தடை இருக்கிறது போலத் தெரிகிறது என்று என் வாயால் சொன்னேன். தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லத்தான் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறார்கள். என் வயதுக்கு எத்தனையோ பேரின் ஓலையைக் கேட்டிருக்கிறேன், ஒருவரும் எழும்பிப் போய்ச் சொன்னதாகக் கேள்விப்படவில்லை. மாப்பிள்ளையின் தகப்பனே போய்ச் சொன்ன கதை இனி இந்தப் பங்கில் என் பெயரோடு இருக்கும்.

சொன்னதைத் திருப்பி எடுத்துவிட்டேன். ஆனால் அது போதாது என்கிறார் சுவாமி. நடந்ததை நீ முழுக்க அறிந்த பிறகு நீயே அவருக்குப் போன் எடுத்து, கலியாணத்துக்குச் சம்மதம் என்று மறுபடி சொல்ல வேண்டுமாம். சனிக்கிழமைக்குள் சொன்னால் இந்த ஞாயிறு வாசிப்பார். உன்னைக் கட்டப்போகிற அனிற்றாவும் உன் வாயால் கேட்கும்வரை கலியாணக் கூறை எடுக்கக் கடைக்குப் போகமாட்டேன் என்று இருக்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அம்மா பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவாள். அனுப்ப முன் தான் வாசிப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். வாசிக்கட்டும். அவளுக்கும் தெரியாத ஒன்று இதில் இருக்கிறது.

எல்லாம் ஒரு புத்தகத்தால் வந்தது. நீ லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பிய அடுத்த கிழமை அனிற்றா வீட்டுக்கு வந்தாள். கையில் பழைய மர்மக்கதைப் புத்தகம் ஒன்று, காக்கிக் கடதாசியில் உறை போட்டிருந்தது. "மாமா, நீங்கள் இப்பிடியான கதையள் எண்டால் சோறு தண்ணியும் மறந்து வாசிப்பீங்களாம். இதை வாசிச்சுப் பாருங்கோ" என்றாள். எனக்கு உடனே ஒரு யோசனை. இருபத்தாறு வயதுப் பிள்ளை, மாமனாருக்கு முதல் முதல் கொண்டு வருவது மாம்பழமா, பிஸ்கட்டா, கொலைக்கதையா? அவள் போன பிறகு புத்தகத்தைக் துறைமுகக் கேற்றில் நான் சோதித்த பொதிகளைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசி அத்தியாயம் இல்லை. கிழிந்து போகவில்லை, பிளேட்டால் நேராக வெட்டி எடுத்திருந்தது. போன் எடுத்துக் கேட்டேன். "அது பிறகு வரும் மாமா, நான் தாறன்" என்று சிரித்தாள். ஏன் பிறகு வரும், எங்கேயிருந்து வரும், யாரிடம் இருக்கிறது? அந்தச் சிரிப்பிலிருந்துதான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கதையைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது கெட்ட கதையில்லை. மலைநாட்டில் ஒரு தோட்டத்து பங்களா. பெரிய துரைபோல வாழ்ந்த கிழவர் ஒருவர், உள்ளே தாழ்ப்பாள் போட்ட அறையில் செத்துக் கிடக்கிறார். வீட்டில் ஐந்து பேர். தம்பி, டொக்டர், சமையற்காரி, கணக்குப்பிள்ளை, புதிதாக வந்த மருமகள். மருமகளின் ஊர் பேர் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. நாற்பதாம் பக்கத்தில் அவள் தனியாக நின்று ஒரு கோப்பையைக் கழுவுகிறாள். இவள்தான் என்று நான் அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டேன். எழுதினவருக்கு மழையில் அப்படி என்ன ஆசையோ, அத்தியாயத்துக்கு ஒரு மழை. டொக்டர் வரும்போதெல்லாம் குடை விரிகிறது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, ஒவ்வொருவரும் பொய் சொல்கிற விதம் நன்றாக இருந்தது. பொய்யை நீட்டிச் சொல்கிறார்கள், உண்மையைச் சுருக்கிச் சொல்கிறார்கள். துறைமுகக் கேற்றிலும் அப்படித்தான். பையில் ஒன்றும் இல்லாதவன் பேசாமல் பையை நீட்டுவான், இருப்பவன் தன் மாமியாரின் வருத்தத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவான்.

தாழ்ப்பாளை வெளியிலிருந்து நூல் கட்டி இழுத்துப் போடலாம் என்று ஒரு பாத்திரம் சொல்கிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. உன் அம்மா பூக்கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நேரம் குசினிக் கதவில் நூல் கட்டி இழுத்துப் பார்த்தேன். தாழ்ப்பாள் அழகாக விழுந்தது. நூல் உள்ளே அறுந்து நின்றது. குசினிக்குள் ஒருவரும் இல்லை, அடுப்பில் சூடைமீன் குழம்பு. யன்னல் கம்பியைக் கழற்றி உள்ளே இறங்குவதற்குள் சட்டி கருகிவிட்டது. "இஞ்சேருங்கோ, பென்சன் எடுத்த மனிசன் செய்யிற வேலையோ இது?" என்று உன் அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. எழுத்தாளர் சொன்னது சரிதான் என்பதை நான் ஒத்துக்கொண்டேன், அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கிழமை புதனன்று மீன் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்ராண்டுக்கு வந்தேன். டவுனுக்குள் திரிகிற மான்கள் வழக்கம்போல சோற்றுப் பாசல் கடதாசியை மென்றுகொண்டு நின்றன. பள்ளிக்கூடம் விட்ட நேரம். படிப்பித்து முடித்து அனிற்றா வந்தாள். வீட்டுக்கு, பாலையூற்றுக்குப் போகவேண்டிய பிள்ளை, நிலாவெளி பஸ்ஸில் ஏறினாள். பின்னேரம் உன் அம்மாவைக் கொண்டு போன் எடுப்பித்தேன், இன்றைக்கு எங்கே போனாய் என்று. "பள்ளிக்கூடத்தில கொஞ்சம் சுணங்கிட்டுது மாமி" என்றாளாம். பொய். என் காதுக்கு அது ஒரு சங்கீதம்போல இருந்தது மகன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். முப்பத்தொரு வருசம் கேற்றில் நின்றவனுக்கு ஒரு பொய் அகப்பட்டால் வருகிற சந்தோசம் அது.

முதலாம் ஓலை வாசித்தார்கள். அடுத்த புதன் நானும் நிலாவெளி பஸ்ஸில் ஏறினேன். தலையில் உன் பழைய கிரிக்கெட் தொப்பி, முகத்துக்கு முன்னால் அவள் தந்த அதே புத்தகம். பக்கத்தில் இருந்த மனிசி, "ஐயா, கண்ணாடி வீட்டிலயோ? இவ்வளவு கிட்டப் பிடிக்கிறியள்" என்று கேட்டாள். அனிற்றா திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டல்கள் தொடங்குவதற்கு முன் ஒரு ஒழுங்கையில் இறங்கினாள். பச்சைக் கேற் போட்ட வீடு. தாடி வைத்த ஒரு இளந்தாரி வந்து கேற்றைத் திறந்தான், அவள் பையை வாங்கினான், கேற் சாத்தப்பட்டது. நான் ஒரு பனையடியில் நின்று வியர்த்தேன். இரண்டாம் ஓலைக்கு அடுத்த புதனும் போனேன். அதே வீடு, அதே தாடிக்காரன். இந்த முறை அவன் ஏதோ சொல்ல அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

சுவாமி நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பிள்ளையிட்ட கேட்டனீங்களோ?"

"கேட்டால் உண்மை சொல்லுவாளோ சுவாமி?"

"நான் அதைக் கேக்கேல்லை. நீங்கள் கேட்டனீங்களோ?"

"இல்லை."

"நீங்கள் இப்பிடி வந்து சொன்ன பிறகு நான் நாளைக்கு வாசிக்க ஏலாது. அது விளங்குதுதானே?"

"ஓம்" என்றேன். விளங்கித்தான் சொன்னேன். அதை மறைக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வேறு இரண்டு சோடியின் ஓலையை வாசித்துவிட்டு சுவாமி கடதாசியை மடித்தார். அனிற்றாவின் தாய் கோயில் வாங்கில் இருந்தபடியே முந்தானையால் வாயைப் பொத்தினாள். பின்னால் குசுகுசுப்பு. அனிற்றா அழவில்லை. திரும்பி, நேரே என்னைப் பார்த்தாள். யார் செய்தது என்று அந்தப் பிள்ளை ஒரு நிமிசத்தில் கண்டுபிடித்துவிட்டாள், நான் இரண்டு கிழமை பஸ்ஸில் அலைந்தும் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தாள். உன் அம்மா தேத்தண்ணீர் ஊற்றப் போனாள், வேண்டாம் என்றாள். கதிரையிலும் இருக்கவில்லை. மேசையில் ஒரு பொதியை வைத்தாள்.

"இதுதான் மாமா கடைசி அத்தியாயம். மூண்டாம் ஓலை வாசிச்ச பிறகுதான் குடுக்கச் சொன்னவா. இனி அதை வாசிப்பினமோ தெரியாது. அதால இப்பவே கொண்டு வந்தனான்."

ஆர் சொன்னது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. இருபது பக்கம் இருக்கும், நாலு ஓரமும் நீல நூலால் தைத்து மூடியிருந்தது. முடிச்சின் மேல் மெழுகுதிரி உருக்கி ஒரு சொட்டு, அதன் மேல் பெருவிரல் அடையாளம். மகன், அப்படிக் கட்டுகிற ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான். உன் திரேசா மாமி. என் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி. சின்ன வயதில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மர்மக்கதையை மாறி மாறி வாசிப்போம். கொலைகாரன் யார் என்று ஆளுக்கொரு துண்டில் எழுதி வைத்த பிறகுதான் முடிவை வாசிப்பது என்று ஒப்பந்தம். நான் களவாக முடிவைப் பார்த்துவிட்டு எழுதுவேன். அதைப் பிடித்த நாளிலிருந்து கடைசி அத்தியாயத்தை அவள் நூலால் தைத்து மெழுகு வைக்கத் தொடங்கினாள். கேற்றில் எத்தனையோ ஈயச் சீல் பார்த்திருக்கிறேன், அந்த மெழுகை மட்டும் என்னால் ஏமாற்ற முடிந்ததில்லை.

"தாடி வைச்ச பெடியன்?" என்றேன்.

"அவவின்ர மகன். உங்கட மருமகன், மாமா." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "கலியாண அழைப்புக்குப் பேர் எழுதேக்க உங்கட பக்கத்தில ஒருத்தரும் இல்லை. எனக்கு ஒரு மாமி இருக்கிறா, சின்னனில என்னைத் தோளில தூக்கித் திரிஞ்சவா, அப்பாவால கதை பேச்சு இல்லையெண்டு உங்கட மகன் ஒருநாள் சொன்னவர். மாப்பிள்ளையின்ர மாமி இல்லாமல் என்ன கலியாணமெண்டு நான்தான் தேடிப் போனனான். உங்களுக்குச் சொல்லக் கூடாதெண்டு அவதான் சொன்னவா. புத்தகமும் அவவின்ரதான். அண்ணை தானாக் கண்டுபிடிக்கட்டும் எண்டவா."

நான் கண்டுபிடித்த இலட்சணம் உனக்கு இப்போது தெரியும். என் தங்கச்சியின் மகன் கேற் திறக்கிறான், எனக்கு அடையாளம் தெரியவில்லை. கடைசியாகப் பார்த்தபோது அவனுக்கு நாலு வயது.

அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். உனக்கு ஏழு வயது, கதிரைக்குப் பின்னால் நின்றாய். அப்பம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. ஆட்கள் வெளிக்கிடுகிற நேரம் அலுமாரியைத் திறந்தேன், அப்பம்மாவின் தாலிக்கொடி இல்லை. நான் என்ன செய்தேன்? வீட்டுக் கேற்றைச் சாத்தினேன். ஒருத்தரும் போகவேண்டாம், பையைத் திறவுங்கள் என்றேன். நீதியாகச் செய்கிறேன் என்று காட்ட முதலில் உன் அம்மாவின் பையைத் திறந்தேன். அடுத்தது திரேசாவினுடையது. பெடியனின் சட்டை, பால் போத்தல், அதற்குக் கீழே அப்பம்மா வீட்டில் கட்டுகிற நைந்துபோன வொயில் சீலை ஒன்று. சொல்லாமல் எடுத்து வைத்திருந்தாள், தாயின் மணத்துக்காக. நான் அதை எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்து, "இது என்ன?" என்று கேட்டேன். அவள் மெல்லமாய், "மூடு அண்ணா, ஆக்கள் பாக்கினம்" என்றாள். நான் மூடவில்லை. பையின் அடிவரை தடவிப் பார்த்தேன். கொடி இருக்கவில்லை. அவள் சீலையைக் கதிரையில் வைத்துவிட்டு, பெடியனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த நேரம் நிலாவெளியில் அவளுக்கு என்ன ஆனது என்று ஆள் விட்டு விசாரித்தேன். உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்ததும் வீட்டிலேயே இருந்துவிட்டேன். அதற்கு என்னிடம் ஒரு நியாயமும் இல்லை.

உன் அம்மாவுக்கும் தெரியாதது இனித்தான். ஒன்பது வருசத்துக்கு முன் திருநாளில் மாதாவின் சுருவம் தூக்கினோம். நான் முன்பக்கத் தோள் கொடுத்தேன். அண்ணாந்து பார்த்தபோது மாதாவின் கழுத்தில் அப்பம்மாவின் கொடி. பதக்கத்தில் ஒரு மூலை வளைந்திருக்கும், சின்னனில் நான் கடித்து வளைத்தது. யாரும் களவெடுக்கவில்லை, அப்பம்மாவே நேர்த்திக்குக் கொடுத்திருக்கிறாள். அன்றைக்கே நான் நிலாவெளிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒன்பது வருசம் ஞாயிறுதோறும் அந்தக் கொடிக்கு முன்னால் முழங்காலில் நின்று, பிறகு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். தங்கச்சியைச் சந்தேகித்தது பிழை. பிழை என்று தெரிந்த பிறகும் வாய் திறக்காமல் இருந்தது அதைவிடப் பெரிய பிழை. முதலாவது கோபத்தில் செய்தது, இரண்டாவது யோசித்துச் செய்தது.

நேற்றுப் புதன்கிழமை. நிலாவெளி பஸ்ஸில் தொப்பி இல்லாமல் ஏறினேன். பச்சைக் கேற்றைத் திறந்தவன் "ஆர் நீங்கள்?" என்றான், பிறகு அவனுக்கே விளங்கிவிட்டது. திரேசா விறாந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்ன கதைப்பதென்று பஸ்ஸில் அடுக்கி வைத்ததெல்லாம் போய்விட்டது. என் பையை அவளுக்கு முன்னால் வைத்து, சிப்பைத் திறந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன், கேற்றில் ஆட்களை எடுக்கச் சொல்வதுபோல. கண்ணாடிப் பெட்டி. குடை. தைத்த அத்தியாயம். அடியில் அந்த வொயில் சீலை, இவ்வளவு காலமும் உன் அம்மா பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்தாள். கையில் எடுத்து நீட்டினேன். ஒழுங்கையால் யாரோ சைக்கிளில் போனார்கள்.

"மூடு அண்ணா, ஆக்கள் பாக்கினம்" என்றாள்.

நான் அழுதேன் மகன். மீன் வெட்டின கையோடு அவளும் அழுதாள்.

கொடி மாதாவின் கழுத்தில் கிடக்கிறது என்று சொன்னேன். "தெரியும்" என்றாள். "அம்மாவோட போய்க் குடுத்தது நான்தான். சண்டை நேரம் உன்னை ஒருக்கா விசாரணைக்கெண்டு கூட்டிக்கொண்டு போய் நாலு நாள் வைச்சிருந்தாங்களெல்லோ, அப்ப வைச்ச நேர்த்தி. நீ திரும்பி வந்தால் கொடியைத் தாறன் எண்டு. சாக முதல்தான் குடுக்க மனம் வந்தது அம்மாவுக்கு."

"அண்டைக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். நீ கேக்கேல்லை. பையைத் திறந்தனி."

சுவாமி கேட்டதும் அதுதான், இவள் சொன்னதும் அதுதான். எனக்காக நேர்ந்து கொடுத்த கொடியை எடுத்தாள் என்று என் தங்கச்சியை ஆட்களுக்கு முன் சோதித்திருக்கிறேன். உனக்குப் பக்கத்தில் நிற்க ஒரு மாமியைத் தேடிப் போன பிள்ளை என்று தெரியாமல் உன் ஓலையை நிறுத்தியிருக்கிறேன். உனக்கும் செய்திருக்கிறேன். ஓ.எல். படிக்கிற காலத்தில் நீ குளிக்கப் போனால் உன் புத்தகப் பையைத் தடவுவேன், கம்பஸ்ஸிலிருந்து லீவில் வந்தபோதும் தடவினேன். நீ பையின் சிப்பில் தலைமயிர் ஒன்றை வைத்து என்னைப் பிடித்ததும், பிடித்துவிட்டுப் பேசாமல் இருந்ததும் எனக்குத் தெரியும். நீ கட்டாருக்குப் போனதற்குச் சம்பளம் மட்டும் காரணமா என்று நான் சில நேரம் யோசிப்பதுண்டு. அதற்கு நீ பதில் எழுத வேண்டாம்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி இப்போது எனக்கு இல்லை, ஆனாலும் தகப்பன், சொல்லாமல் விட ஏலாது. சந்தேகம் வருவதைத் தடுக்க முடியாது, நமது இரத்தத்தில் இருக்கிறது. ஆனால் வந்தால் அனிற்றாவின் முகத்தைப் பார்த்துக் கேள். கேட்கப் பயமாக இருந்தால் அந்தப் பயத்தையும் சொல். அவள் போனை நோண்டாதே, பையைத் திறக்காதே, பஸ்ஸில் பின்னால் போகாதே. அவள் சொல்கிற பதில் பிடிக்காவிட்டாலும் அது அவள் சொன்னதாக இருக்கும், நீ பொறுக்கி எடுத்ததாக இருக்காது. நேற்றுப் பின்னேரம் நிலாவெளியிலிருந்து நேரே பாலையூற்றுக்குப் போய் அவளிடமும் தாயிடமும் மன்னிப்புக் கேட்டேன். தாய் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். அனிற்றா மட்டும், "அடுத்த முறை என்னோட சீற்றில இருந்து வாங்கோ மாமா, டிக்கற் நான் எடுக்கிறன்" என்றாள். மன்னித்துவிட்டாளா, குத்திக் காட்டினாளா, இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இனிப் புத்தகத்தின் கதை. வெளிக்கிடும்போது தைத்த அத்தியாயத்தைத் திரேசாவிடம் நீட்டினேன். "பிரிச்சுப் பாத்தனியோ?" என்றாள். இல்லை என்றேன். நம்பவில்லை. கண்ணாடி போட்டு, முடிச்சை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மெழுகில் தன் பெருவிரலை வைத்து அளந்தாள். என் வாழ்க்கையில் முதல் முறையாக அந்தச் சீல் உடையாமல் இருந்தது. இந்தப் புத்தகத்துக்கு நான் துண்டில் எழுதின பெயரை, மருமகள் என்றுதான் எழுதியிருந்தேன், பஸ்ஸிலேயே வெட்டிவிட்டேன், வேறு பெயர் எழுதத் தெரியவில்லை. அவள் அத்தியாயத்தை அந்த வொயில் சீலைக்குள் சுற்றித் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"மூண்டாம் ஓலை வாசிச்ச அண்டைக்கு வாறன், கோயில் வாசல்ல இருந்து பிரிப்பம்" என்றாள். "வாசிக்காட்டி, இது இப்பிடியே கிடக்கட்டும்."

ஞாயிறு காலைப் பூசைக்கு முன் வாங்கில் மூன்று பேருக்கு இடம் பிடித்து வைப்பேன். உன் அம்மா, நான், உன் மாமி. கொலைகாரன் யார் என்று எனக்கு இன்னும் தெரியாது மகன். சுவாமிக்குப் போன் எடு.